கயித்தம்மாவின் கைப்பொருள்

அம்மனைச் சாந்தகுமாரி பேருந்தில் கொண்டுவந்தாள். படத்தை மஞ்சள் துணியில் சுற்றி, பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை மடியில் ஏந்தி, மூடியின் மேல் இரண்டு கைகளையும் பொத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பலகாரமா என்று பர்மிய மொழியில் கேட்டார். "ஃபயா" என்றாள். சாமி. அவர் காலை ஒடுக்கிக்கொண்டு, அவளுக்கும் டப்பாவுக்கும் சேர்த்து இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். ஓடைப் பாலம் தாண்டி, ரங்கூன் கடைவீதியான பபேடானில் இறங்கும்வரை அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அம்மன் இருந்தது ரங்கூனின் ஓரத்தில், தாகேதாவில், அவளுடைய வார்டின் கடைசிச் சந்தில், தகரக் கூரை போட்ட சின்னக் கோயிலில். சிலை கிடையாது. ஒரு சூலம், ஒரு கல், சுவரில் சட்டம் போட்ட படம். படம் என்றால் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அட்டை. எண்ணெய்ப் புகையும் குங்குமமும் ஏறி ஏறி, அதில் மிச்சம் தெரிவது கொஞ்சம்தான். தலையைச் சுற்றி எழும் தீச்சுடர், காலடியில் பீடம், வலது கையிலிருந்து தொங்கும் கயிறு. அந்தக் கயிற்றால்தான் அவளுக்குக் கயித்தம்மா என்று பெயர்.

படம் எப்படி வந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒருவர் வைத்திருந்தது என்பார்கள். ஜப்பான் சண்டையில் பாதி ஊர் நடந்தே இந்தியாவுக்குப் போனபோது படத்தை விட்டுவிட்டுப் போனார்கள் என்றும், போக முடியாமல் மிஞ்சியவர்கள் எடுத்து வைத்துக் கும்பிட்டார்கள் என்றும் சொல்வதுண்டு. வழக்கம் அப்போது தொடங்கியிருக்க வேண்டும். வீட்டிலிருந்து ஒருவர் தூரம் போனால், அந்த வீட்டுப் பெண் இரண்டு கை விரித்த நீளத்துக்குக் கயிறு எடுத்து, சுருக்குப் போட்டு, கோயில் மூங்கிலில் கட்டுவாள். அம்மன் தன் பாசக்கயிற்றை வீசிப் போனவரை இழுத்து வருவாள். வந்தவர் தம் கையாலேயே முடிச்சை அவிழ்க்க வேண்டும், வேறு கை படக் கூடாது.

முன்பெல்லாம் மூங்கிலில் நாலைந்து கயிறுதான் தொங்கும். பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் பிடிக்கப் பெயர் எழுதத் தொடங்கியபின், அதற்குத் தப்பிப் பையன்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். இப்போது மூங்கில் நடுவில் வளைந்துவிட்டது. பர்மியத் தாய்மார்களும் வந்து கட்டினார்கள். கோயிலைப் பெருக்கி விளக்கேற்றுகிறவள் என்பதால் எல்லாக் கயிற்றையும் சாந்தகுமாரிதான் வாங்கிக் கொடுத்தாள். அவளுடைய கயிறும் அங்கே இருந்தது. ஒரே மகன் கணேஷ்குமார் எல்லை தாண்டிப் போய், தாய்லாந்தில் மீன் டப்பா அடைக்கும் ஆலையில் வேலை செய்தான்.

தை மாதம் கும்பாபிஷேகம். தகரக் கூரையை எடுத்துவிட்டு ஓட்டுக் கூரை போட்டு, பின்சுவரில் சுதையால் அம்மனை ஆளுயரத்துக்கு எழுப்புவது என்று முடிவாகியிருந்தது. பெகுவிலிருந்து வந்த சுதைக் கொத்தனார் படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கையில் இருப்பதன் வளைவு தெரியவில்லை, சிமெண்டு காய்ந்தபின் மாற்ற முடியாது, பெரிதாக்கித் தெளிவாகக் கொண்டுவாருங்கள் என்றார். அதற்குத்தான் இந்தப் பயணம்.

ஏஞ்சலாவின் கடை ஒரு பள்ளிவாசலுக்கு எதிர்ச்சந்தில் இருந்தது. பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம், ஃப்ளெக்ஸ், இறந்தவர் படத்துக்குக் கோட்டு மாட்டிவிடுவது எல்லாம் அங்கே நடக்கும். நாற்பது வயதுக்காரி. அம்மா மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிப்பது ஜெபப் புத்தகத்தோடு சரி.

"அக்கா, படத்த வச்சிட்டுப் போங்க. மீ எப்ப வருதோ அப்ப ஸ்கேன் பண்ணி வைக்கிறேன்" என்றாள். மின்சாரத்தை அங்கே தமிழர்களும் மீ என்றுதான் சொல்வார்கள்.

"விட்டுட்டுப் போறதா? இவளையா? நான் உக்காந்திருக்கேன் தங்கச்சி."

"சாயங்காலம் ஆனாலும் ஆகும்."

"ஆகட்டுமே. என்ன, எனக்கு ஆபீசா இருக்கு."

ஏஞ்சலா போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். செருப்பைத் தன் கடைக்குள்ளேயே கழற்றி ஓரமாக விட்டாள். யாரும் சொல்லாமல் அவள் அப்படிச் செய்தது சாந்தகுமாரிக்குப் பிடித்துப்போயிற்று. டப்பாவைத் திறக்கும்போதே பேச்சும் திறந்துகொண்டது.

"என் பையன் வர்றான், கும்பாபிஷேகத்துக்கு. நேத்துத்தான் சொன்னான். ஞாயித்துக்கிழமை ஏஜெண்டு ஒருத்தரு கிளம்புறாராம், கூடவே வந்துருவேன்னான்."

சட்டத்தின் ஆணியைக் குறடால் இளக்கிக்கொண்டிருந்த ஏஞ்சலாவின் கை நின்றது. "இப்பவா வர்றாரு?"

"இழுத்துட்டால்ல. அவ கயித்துக்கு முன்னால யாரு நிக்க முடியும்?"

"எங்க ஸ்டீவனும் வெளியதான் இருக்கான்" என்றாள் ஏஞ்சலா. ஸ்டீவன் அவள் தம்பி. "அவன் கிறிஸ்மஸுக்கு வர்றேன்னான். இப்பப் போயி வர்றியான்னு எங்கம்மா ரெண்டு நாள் பேசல அவனோட." ஆணியைப் பிடுங்கித் தட்டில் போட்டாள்.

சாந்தகுமாரிக்குப் புரியாமல் இல்லை. போன மாதம் பக்கத்து வரிசையில் ஒரு வீட்டுப் பையன், டீ குடிக்கப் போனவன், பட்டாளத்து ஆட்கள் கையில் சிக்கி அப்படியே போனான். அந்த வீட்டுக்காரி இன்னும் கதவைத் தாழ் போடாமல் படுக்கிறாள். அதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் மகனிடம் வா என்று சொல்லியிருந்தாள். மற்ற வீட்டுப் பையன்கள் வருவது வேறு, கயித்தம்மா இழுத்து வருவது வேறு. அவள் இழுத்து வந்தால் வழியும் அவள் பொறுப்பு.

மீ வந்தது. ஸ்கேனரின் வெளிச்சம் மூடிக்கு அடியில் ஒருமுறை ஊர்ந்து போயிற்று. திரையில் அம்மன் எழுந்தாள்.

சாந்தகுமாரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இவ்வளவு பெரிதாக அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. கண்ணுக்கு மை, புருவத்துக்கு நடுவில் நீளப் பொட்டு, உதட்டில் எதையோ சொல்லப் போகிற சிரிப்பு. ஏஞ்சலா மவுசை நகர்த்தி நகர்த்திப் புகையின் பழுப்பைக் குறைத்தாள். தலையைச் சுற்றியிருந்த தீச்சுடர் மெல்லப் பச்சையானது. பச்சைக்குள் நீலம் வந்தது. நீலத்துக்கு நடுவே வட்டமாக ஒரு கண்.

"அக்கா, இது நெருப்பு இல்ல. மயில் தோகை."

"தோகையா? சரி, தோகைன்னா தோகை. நல்லாத்தானே இருக்கு."

பீடம் தெளிந்தபோது அது மூங்கில் கழிகளைக் கட்டிய பரணாக இருந்தது. பக்கத்தில் ஒரு ஏணிகூட இருந்தது. படத்தின் அடியில் குங்குமத்துக்குக் கீழே ஏதோ அச்சு. ஏஞ்சலா அதைப் பெரிதாக்கினாள். ஒரு பாய்மரக் கப்பலின் பாதி. மீதியை யாரோ கத்தரித்திருந்தார்கள்.

ஏஞ்சலா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஒரு நிமிஷம்க்கா. பக்கத்துக் கடை பாயைக் கூப்பிட்டு வர்றேன். இந்த மாதிரி கப்பலை அவர்கிட்ட பாத்த ஞாபகம்."

பர்கத்துல்லா பழைய தபால்தலை, நாணயம், தீப்பெட்டி லேபிள், லைட்டர் விற்பவர். சுற்றுலாக்காரர்கள் வந்த காலத்தில் நன்றாகப் போன வியாபாரம். இப்போது பெரும்பாலும் வெற்றிலை போட்டுக்கொண்டு ரேடியோ கேட்கிறார். வாயில் வெற்றிலையோடு வந்து, திரையைப் பார்த்தார். பார்த்தபடியே வெளியே போய்த் துப்பிவிட்டு, தன் கடைக்குப் போய், தடித்த ஆல்பம் ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"தோ சாந்தா" என்றார், ஏஞ்சலா சொன்ன பெயரோடு பர்மிய மரியாதைச் சொல்லைச் சேர்த்து. "நான் ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"சாமி விஷயத்துல நீங்க என்ன தப்பாவா சொல்லப் போறீங்க பாய். சொல்லுங்க."

"இது கப்பல் மார்க் சிகரெட்டுப் பெட்டியில வந்த அட்டை."

சாந்தகுமாரி ஏஞ்சலாவைப் பார்த்தாள். ஏஞ்சலா திரையைப் பார்த்தாள்.

பர்கத்துல்லா ஆல்பத்தை விரித்தார். கண்ணாடித்தாள் பைகளில் ஒரே அளவில் அட்டைகள், ஒவ்வொன்றிலும் வேஷம் கட்டிய ஒரு பெண். பெட்டி நசுங்காமல் இருக்க அந்தக் காலத்தில் உள்ளே ஓர் அட்டை வைப்பார்கள் என்றும், வெறும் அட்டைக்குப் பதில் படம் போட்டால் ஜனங்கள் சேர்ப்பதற்காகவே இன்னொரு பெட்டி வாங்குவார்கள் என்றும் விளக்கினார். ரங்கூனுக்கு வந்த தமிழ் நாடகக் கம்பெனி ஆட்களையும், பர்மியக் கூத்தான ஜாத் ஆட்டக்காரர்களையும் கலந்து போட்ட வரிசை இது. அவரிடம் முக்கால்வாசிதான் இருந்தது.

"தம்மாத்தூண்டு படம். யாரு என்ன வேஷம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? உடுப்ப வச்சுத்தான். இந்தா, கறுப்புச் சேலை, தலைவிரி கோலம். புள்ளைய பாம்பு கடிச்ச ராணி. இந்த அம்மா பாருங்க, சேலை பாதிதான் இருக்கு, ஓரம் கிழிஞ்சிருக்கு. புருஷன் தூக்கத்துல பாதியக் கிழிச்சு எடுத்துட்டுக் காட்டுல விட்டுட்டுப் போனவ. இது பர்மாக்காரி. இடுப்புல கட்டுற தமேன் பின்னால வால் மாதிரி கெடக்கு பாருங்க, அதக் காலால எத்தி எத்தி ஆடணும். கதை எனக்கு முழுசாத் தெரியாது. கைப்பொருள் தெரியும், உடுப்புத் தெரியும்."

"பாய், நீங்க தொழுகை நேரத்துல இதத்தான் படிக்கிறீங்களா?" என்றாள் ஏஞ்சலா.

"நீ சும்மா இரு மா ஏஞ்சலா. வியாபாரம்."

கறுப்புச் சேலை ராணியின் அட்டையை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். அதே நீளப் பொட்டு. சொல்லப் போகிற அதே சிரிப்பு, அழுகை வேஷத்திலும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் தொங்கிய திரைச்சீலைகூட ஒன்றுதான்.

"ஒரே ஆளு" என்றார் பர்கத்துல்லா. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆளுன்னா... தொண்டையப் பாருங்க. ஆம்பளை. அப்பல்லாம் ஸ்திரீ பார்ட் ஆம்பளைதானே."

சாந்தகுமாரி எழுந்து, மூக்கு இடிக்கும் அளவுக்குத் திரைக்கு அருகே போய், அந்தத் தொண்டையைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"இத்தன வருஷமா இவருக்கா நான் பொடவை சாத்துறேன்?"

"கோவம் இல்லியே?"

"எதுக்குக் கோவம்? எங்க வார்டுல கரகம் எடுக்கறது யாரு, ஆம்பளைதான். பொடவை கட்டி, பூ வச்சு, வேப்பிலைய வாயில கவ்விக்கிட்டு வருவான். அப்ப அவன் கால்ல விழுவோம். மறுநாள் காலையில மார்க்கெட்டுல மீன் வெட்டிக்கிட்டிருப்பான். சிகரெட்டுப் பொட்டியில வந்தா என்ன, செம்புப் பானையில வந்தா என்ன. வர்றவ வர்ற வழியில வருவா." அவள் மறுபடியும் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டாள். "இவரு என்ன ராணியாம்?"

"ராணி இல்ல. தோகை வச்சிருக்கா, குன்றிமணி மாலை போட்டிருக்கா, பரண் மேல நிக்கிறா. குறத்தி. மலையில தினைப்புனம் காக்கறவ."

"வள்ளியா? முருகன் பொண்டாட்டி?"

"அவங்கதான்."

"வள்ளியும் எங்களுக்கு அம்மாதான்." சாந்தகுமாரி திருப்தியாகத் தலையாட்டினாள். ஆட்டிய தலை பாதியில் நின்றது. "அப்ப கையில?"

ஏஞ்சலா மவுசை நகர்த்திக் கையைப் பெரிதாக்கினாள். கயிறு இரட்டையாக மடிந்து தொங்கிற்று. அடியில் சுருக்கின் முடிச்சு என்று எல்லோரும் நினைத்திருந்த இடத்தில், இலை மாதிரி விரிந்த சின்னப் பை ஒன்று பின்னியிருந்தது.

"கவண்" என்றார் பர்கத்துல்லா. "அந்தப் பையில கல்ல வச்சு, சுத்தி, ஒரு நுனிய விட்டுறணும். கல்லு பறக்கும்."

"எதுக்கு?"

"கிளி வெரட்ட."

சாந்தகுமாரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மீன்சாறு ஊற்றிய நூடுல்ஸ் விற்கும் தள்ளுவண்டிக்காரன் மொஹிங்கா என்று கூவிக்கொண்டு போனான். மகன் அதற்காக உயிரை விடுவான். வந்த அன்று காலையில் என்ன செய்து போட வேண்டும் என்றுகூட அவள் யோசித்து வைத்திருந்தாள்.

"இழுக்கறது இல்லியா?"

"இல்லம்மா. போகச் சொல்றது."

"கல்லு பட்டுச் செத்துப் போவாதா?"

"கிளி மேல படறதுக்கு அடிக்கிறதில்ல. எங்க பாட்டன் பெகு பக்கம் நெல்லு வச்சிருந்தாரு. குருவிக்குக் கவண்தான். சத்தம் கேட்டு எழும்பிப் போயிரணும், அவ்வளவுதான். எறங்கினாத்தான் ஆபத்து. வயலச் சுத்தி வலையும் கண்ணியும் வச்சிருப்பாங்கள்ல."

"போனது திரும்ப வராதா பாய்?"

பர்கத்துல்லா ஆல்பத்தை மூடினார். அவருக்கு இந்த அம்மாவின் மகனைப் பற்றித் தெரியாது. கிளியைப் பற்றித்தான் சொன்னார். "அறுப்பு முடிஞ்சா வயல்ல காவல் ஏது? வலைய எடுத்துருவாங்க. அப்ப வரும்."

மீ போய்விட்டது. திரை இருண்டு, அம்மனும் மறைந்தாள். ஏஞ்சலாவின் பாட்டரி பெட்டி கீச்கீச்சென்று கத்திற்று. அதை அமர்த்திவிட்டு, அவள் சாந்தகுமாரியின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா. அந்தப் பைய அழிச்சிட்டு, சுருக்கா வரைஞ்சு தந்துருவேன். பத்து நிமிஷ வேலை. பரணைப் பீடமா ஆக்கிறலாம். பழையபடி இருக்கும். நானும் பாயும் வாயத் தொறக்க மாட்டோம்."

"எனக்கென்ன, நான் உங்க கோயிலுக்கு வரப் போறேனா" என்றார் பர்கத்துல்லா, வாசலில் நின்றபடி. "கும்பிடறவங்க நீங்க. நீங்க சொன்னாச் சரி."

சாந்தகுமாரி மடியிலிருந்த வெறும் டப்பாவைத் தடவிக்கொண்டிருந்தாள். "ரெண்டும் குடு தங்கச்சி" என்றாள் கடைசியில்.

மீ திரும்பி வந்து அச்சிட்டு முடிந்து, மாலையில் தாகேதா பேருந்தில் திரும்பும்போது பையில் அம்மனின் டப்பாவோடு இரண்டு பிரதிகள் இருந்தன, ஒரே அளவில், ஒரே சுருளாக. ஒன்றில் சுருக்கு. ஒன்றில் கவண். இரண்டிலும் முகம் ஒன்றுதான். கூட்டத்தில் யாரோ பையை இடித்தபோது இரண்டையும் சேர்த்து மார்போடு அணைத்துக்கொண்டாள். சுருக்குப் படத்தைக் கொடுத்தால் ஒன்றும் மாறாது. மூங்கிலில் கயிறு தொங்கும், கணேசு ஞாயிற்றுக்கிழமை கிளம்புவான். அவனைத் தொட்டுப் பார்க்கலாம். அவள் அதைத்தான் இரண்டு வருஷமாகக் கேட்டாள். கேட்டது கிடைக்கப் போகிற நேரத்தில்தானா இந்தப் பாய் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்?

பாலத்தின் முனையில் பேருந்து நின்றது. சோதனை. பட்டாளத்துக்காரர் இரண்டு பேர் ஏறி, இளவட்டங்களின் அடையாள அட்டையை மட்டும் வாங்கிப் பார்த்தார்கள். பின்னால் நின்ற ஒரு பையனைக் கீழே இறங்கச் சொன்னார்கள். பேருந்துக்குள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பையன் திரும்பி ஏறிவிட்டான். காலேஜ் அட்டை இருந்ததால் பட்டாளத்துக்கு எடுக்கவில்லையாம். அவன் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டது சாந்தகுமாரியின் கண்ணுக்கு நேராக நடந்தது. கணேசிடம் காலேஜ் அட்டை கிடையாது.

வீட்டுக்கு வந்து விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் வைபரில் வீடியோ அழைப்பு வந்தது. ஆலையில் ஷிப்டு முடிந்து, தலையில் மாட்டும் வலையைக்கூடக் கழற்றாமல் கணேஷ்குமார் திரையில் தெரிந்தான்.

"என்னம்மா, பெருசு பண்ணியாச்சா? எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா. தோகை வச்சிருக்கா."

"தோகையா? நம்ம அம்மாவா?" அவன் சிரித்தான். "சரி, வந்து பாக்கறேன். முடிச்ச அவுக்க இப்பவே கையி அரிக்குது. ஏஜெண்டுக்கு நாளைக்குள்ள சொல்லிறணும். வர்றேன்னு சொல்லிறட்டா?"

சாந்தகுமாரி கைப்பேசியை அரிசிப் பானையில் சாய்த்து வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தாள்.

"வர வேணாம்டா."

வலைக்குக் கீழே அவன் நெற்றி சுருங்கியது. "என்னம்மா? யாராச்சும் என்னமாவது சொன்னாங்களா? வார்டு ஆபீஸ்ல கேட்டாங்களா?"

"ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. அவ கையில இருக்கறது சுருக்கு இல்லடா. கவணு. கிளி வெரட்டுறது. தப்பாப் புரிஞ்சுகிட்டு இத்தன நாளா இழு இழுன்னு கேட்டிருக்கோம். அவ அங்கேருந்து போ போன்னுட்டு நிக்கிறா."

"அப்ப என்னைய வெரட்டுறாங்களா?"

"ஆமா."

"நல்ல சாமிம்மா."

"நல்ல சாமிதான். கீழ வலை விரிச்சிருக்கு, எறங்காதங்கறா. உனக்குப் புரியுதா இல்லியா?"

பின்னால் யாரோ தாய்லாந்து மொழியில் கத்தினார்கள். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி இந்தப் பக்கம் வந்தான்.

"நீதானம்மா வா வான்னு சொன்ன."

"சொன்னேன். எனக்கு உன்னப் பாக்கணும். அதுக்காகச் சொன்னேன், உனக்காகச் சொல்லல." அவள் அரிசிப் பானையின் மூடியைச் சரிசெய்தாள். கைப்பேசி சாய்ந்து, மகன் ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தான். "அறுப்பு முடிஞ்சா வரும்னாரு பாய். அப்ப வா."

"எந்த பாய்? எந்த அறுப்பு?"

"அது பெரிய கதை. சாப்டியா?"

அவன் அம்மாவை உற்றுப் பார்த்தான். பிறகு தலையிலிருந்த வலையை உருவினான். "இன்னும் இல்ல" என்றான். "வரலன்னு சொல்லிறேன் ஏஜெண்டுக்கிட்ட."

மறுநாள் காலை, கோயில் கமிட்டித் தலைவர் ரெங்கசாமி கொத்தனாரோடு வந்து நின்றார். எழுபதைத் தொட்டவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் அவசரப்பட மாட்டார். சாந்தகுமாரி சுருளிலிருந்து ஒரு பிரதியை உருவிக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"என்னாத்தா, சுருக்கு இல்லியே இது."

"இல்ல மாமா. கவணு. வள்ளியம்மா அது. கிளி ஓட்டறா."

"சுருக்கு வேணும்னா நான் போட்டுக்கறேன்" என்றார் கொத்தனார். "எனக்கு ரெண்டும் ஒரே சிமெண்டுதான்."

"இருக்கறத இருக்கிற மாதிரி போடுங்க" என்றாள் சாந்தகுமாரி. பிறகு ரெங்கசாமியிடம், மறைக்க விரும்பாமல், "மாமா, சிகரெட்டுப் பொட்டியில வந்த படமாம்" என்றாள்.

"கப்பல் மார்க்கு" என்றார் ரெங்கசாமி.

"தெரியுமா உங்களுக்கு?"

"எங்கப்பா குடிப்பாரு. சொல்லியிருக்காரு. வெளிய சொன்னா எந்த வீட்டுல என்னைச் சேப்பாங்கன்னு வாய மூடிட்டு இருந்துட்டேன்." படத்தைத் தள்ளிப் பிடித்து இன்னொரு முறை பார்த்தார். "கவணுன்னு அவருக்கே தெரியாது. சரி, மூங்கில்ல இத்தன கயிறு தொங்குதே. அதுக்கு என்ன சொல்லப் போற?"

"கேட்டா உள்ளதச் சொல்றேன்."

"கேக்காம விடுவாளுகளா" என்று சொல்லிவிட்டு, கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு சுவரை அளக்கப் போனார்.

சாந்தகுமாரி மூங்கிலுக்குப் போனாள். அவளுடைய கயிறு எது என்று தேட வேண்டியதில்லை. முடிச்சில் எண்ணெயும் தூசியும் ஏறிக் கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் நெம்பினாள். அசையவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள், குங்குமம் கசந்தது.

தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாக வந்த எதிர்வீட்டுப் பர்மியப் பெண் நின்றுவிட்டாள். மா தான் ஏ என்று பெயர். அவள் மகனுக்கும் அங்கே ஒரு கயிறு இருந்தது. "கணேசு வந்துட்டானா?" என்று தன் மொழியில் கேட்டாள், முகமெல்லாம் விரிய.

"இல்ல. வரல."

"பிறகு ஏன் நீ அவிழ்க்கிறாய்? வந்தவன்தானே அவிழ்க்க வேண்டும்?"

"வர வேணாம்னு சொல்லிட்டேன்" என்றாள் சாந்தகுமாரி, அதையும் பர்மிய மொழியிலேயே. "அவனை இழுக்காமல் இருக்கச் சொல்லணும் இவளிடம்."

மா தான் ஏ சுவரோரம் நின்ற ரெங்கசாமியைப் பார்த்தாள், அவர் கையில் இருந்த பெரிய படத்தைப் பார்த்தாள், பிறகு வரிசையில் தன் கயிறு தொங்கிய இடத்தைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவி நீட்டினாள்.

"நகத்தால் வராது. இதை உள்ளே விட்டு நெம்பு" என்றாள்.

சாந்தகுமாரி ஊசியை முடிச்சின் நடுவில் குத்தினாள். மா தான் ஏ கயிற்றின் மறுமுனையை ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.